பட்டறையும் ஒரு பள்ளிக்கூடமே: பழைய பந்தய மகிழுந்துகள் சொல்லும் வரலாறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் பந்தய மகிழுந்துகளைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் வியக்கலாம். காரணம் இருக்கிறது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் பெற்றோர் பலரின் வாயில் ஒரே வாக்கியம் வருவதை ஆண்டுதோறும் கேட்டு வருகிறேன். "ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போகவேண்டும்" என்பதே அது. பட்டறை என்பது படிப்பு வராத பிள்ளைக்கு விதிக்கப்படும் தண்டனை என்னும் எண்ணம் இப்படித்தான் இளம் உள்ளங்களில் வேரூன்றுகிறது.

அந்த எண்ணம் சரிதானா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். பழைய விளையாட்டு மகிழுந்து ஒன்றைப் பேணிக் காத்து, திருத்தி அமைத்து, பந்தயத் திடலில் ஓடவைத்தவர்கள் எத்தகைய கல்வியைப் பெற்றிருந்தார்கள் என்பதைப் பார்த்தால் விடை தானே கிடைத்துவிடும்.

தோட்டத்துச் சாலையும் துரையின் வண்டியும்

நாம் வாழும் கோலசிலாங்கூர் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை உருவாக்கியவர் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905-ஆம் ஆண்டில் மலாயாவிற்கு வந்தவர். பின்னாளில் இம்மண்ணைப் பற்றி அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிப்பதைக் கவனியுங்கள்!

தோட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பால்மரமும் பால்வாளியும் லயமும்தான். ஆனால், தோட்டத்திற்குள் இன்னொரு உலகமும் இருந்தது. ரப்பர் உருளைகள் சுழன்ற ஆலை, புகைக்கூடம், மின்சாரம் தந்த எஞ்சின் அறை, லோரிகள் நின்ற கொட்டகை, துரை பங்களாவின் மகிழுந்துக் கூடம் ஆகியவை அந்த உலகம். அங்கே வேலை செய்த எஞ்சின் டிரைவர்கள், பிட்டர்கள், வண்டியோட்டிகள் ஆகியோரில் தமிழர் பலர். துரையின் வண்டியைத் துடைப்பதும் எண்ணெய் மாற்றுவதும் செம்மண் சாலையில் சக்கரம் புதைந்தால் மீட்பதும் அவர்கள் பணி. வண்டி வழியில் நின்றுவிட்டால் கோலாலம்பூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியுமா? கையில் இருப்பதை வைத்து ஓடவைத்தாக வேண்டும். அந்தக் கட்டாயமே அவர்களுக்கு ஆசானாக அமைந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மகிழுந்துப் பந்தயங்கள் சூடுபிடித்தன. போர் மலாயாவை எட்டும் முன்பே, 1940-இல், ஜொகூர் பாரு நகரச் சாலைகளில் பெரும்பந்தயம் ஒன்று நடந்திருக்கிறது. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் நடந்த பெரும்பந்தயம் புகழ்பெற்றது. இவற்றில் ஓட்டியவர்களில் மிகப் பலர் தொழில்முறை ஓட்டுநர்கள் அல்லர். வணிகரும் அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் தம் சொந்த வண்டியைச் சீர்செய்து கொண்டுவந்து ஓட்டினர்.

எம்.ஜி. டி.சி. என்னும் சிறு வண்டி

அக்காலத்தில் அவர்களின் விருப்பத்திற்குரிய வண்டிகளுள் ஒன்று இங்கிலாந்தின் எம்.ஜி. நிறுவனம் 1945 முதல் 1949 வரை செய்த 'டி.சி.' என்னும் இருவர் அமரும் விளையாட்டு மகிழுந்து. ஏறத்தாழ 10,000 வண்டிகளே உருவாயின. நான்கு சிலிண்டர், 1250 சி.சி.; 54 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் இது ஒரு சிறு குடும்ப வண்டியின் ஆற்றலைவிடக் குறைவு. எனினும், எடை குறைந்த உடல், மெல்லிய கம்பிச் சக்கரங்கள், கைக்கு உடனே பணியும் திசைமாற்றி ஆகியவற்றால் பந்தயம் பழகுவோருக்கு ஏற்றதாக இருந்தது.

நம் தட்பவெப்பத்தில் இவ்வண்டியைப் பேணுவது எளிதன்று. அதன் மேலுடலின் எஃகுத் தகடுகளுக்குள்ளே ஆஷ் மரச்சட்டம் இருக்கும். மலாயாவின் ஈரக்காற்றில் மரம் உளுத்துவிடும், சட்டம் தளர்ந்தால் கதவு தொங்கும், தகடு விரியும். ஆகவே, இதைப் பேண ஒரு தச்சனும் தேவை, ஒரு கருமானும் தேவை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவ்வண்டியின் எஞ்சினில் உள்ள மரையாணிகளின் புரி மெட்ரிக் அளவு. அவற்றின் தலையோ விட்வொர்த் என்னும் பழைய ஆங்கில அளவு. கடையில் கிடைக்கும் ஏதோ ஓர் ஆணியைப் போட்டு முறுக்கினால் புரி தேய்ந்து எஞ்சின் கட்டையே கெடும். 'ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும்' என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். எந்த அளவு, எந்தப் புரி, எவ்வளவு இறுக்கம் என்று தெரியாதவன் கைபட்டால் வண்டி பாழாகும்.

இனி, திருத்தி அமைத்தல். டி.சி.யின் எஞ்சினைப் படிப்படியாக எவ்வாறு வலுப்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே கையேடு வெளியிட்டனர். அதில் முதல் வழி அழுத்த விகிதத்தைக் கூட்டுவது. இதை ஒரு கணக்காகவே பார்ப்போம். ஆசிரியர்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

டி.சி.யின் சிலிண்டர் விட்டம் 66.5 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவு 90 மில்லிமீட்டர். நீள்உருளையின் கொள்ளளவு காணும் வாய்பாட்டின்படி 3.1416 × 3.325 × 3.325 × 9 = 312.6 கன சென்டிமீட்டர். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1250. வண்டியின் பின்னால் எழுதியிருக்கும் 'சி.சி.' என்பது இதுதான்! பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் வெளி ஏறத்தாழ 50 கன சென்டிமீட்டர். ஆக, 362.6 அளவுள்ள கலவை 50 அளவுக்குள் நசுக்கப்படுகிறது. 362.6 ஐ 50 ஆல் வகுத்தால் 7.25. இதுவே அழுத்த விகிதம். சிலிண்டர் தலையின் அடிப்பகுதியைக் கடைசல் பட்டறையில் சிறிது சீவி, மேல்வெளியை 41 கன சென்டிமீட்டராகக் குறைத்துவிட்டால் விகிதம் 8.6 ஆக உயரும். ஒரே அளவு பெட்ரோலில் கூடுதல் விசை கிடைக்கும்.

கூடுதலாகச் சீவினால் இன்னும் விசை கிடைக்காதா? கிடைக்காது. அளவு மீறினால் பெட்ரோல் உரிய நேரத்திற்கு முன்பே தானே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். தலை வலுவிழந்து விரிசல் காணும். எங்கே நிறுத்துவது என்று அறிவதுதான் கலை. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் வட்டமும் நீள்உருளையும் விகிதமும் இங்கே ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

சிலாங்கூரின் பந்தயத் திடல்

நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே புகழ்பெற்ற பந்தயத் திடல் ஒன்று இருந்ததை இன்றைய மாணவர்கள் அறியமாட்டார்கள். ஷா ஆலாமில் பத்து தீகா திடல் 1968-இல் திறக்கப்பட்டது. கோலசிலாங்கூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். 1985 திசம்பரில் உலக விளையாட்டு மகிழுந்து வாகையர் போட்டியின் 800 கிலோமீட்டர் பந்தயம் அங்கே நடந்தது. ஜாக்கி இக்ஸ், யோக்கன் மாஸ் இருவரும் போர்ஷ வண்டியில் வென்றனர். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பெரும்பந்தயமும் அங்கேதான் நடந்தது. 1999-இல் சிப்பாங் திடல் வந்தபின் பத்து தீகாவின் ஒளி மங்கியது. 2003-இல் அதை இடித்துவிட்டார்கள். 35 ஆண்டுக்கால வரலாறு வீடமைப்புப் பகுதிக்குள் மறைந்துபோனது.

உலகப் பந்தயங்களுக்கு இடையே எத்தனையோ உள்ளூர்ப் பந்தயங்கள் அத்திடலில் நடந்தன. வார நாளில் வேலைக்குப் போன வண்டியே வார இறுதியில் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பந்தயத்தில் ஓடிய காலம் அது. முன்னே ஓட்டியவரின் பெயர் நாளேட்டில் வந்தது. பின்னே இரவெல்லாம் கண்விழித்துக் கார்புரேட்டரைச் சரிசெய்த போமனின் பெயர் வரவில்லை.

சோழவரம்: கையில் இருந்ததைக் கொண்டு

இந்தக் கலை முழு வளர்ச்சி கண்ட இடத்தைப் பார்க்க நாம் கடல் கடந்து தமிழகம் போகவேண்டும். சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தைத் தாண்டியுள்ள ஊர் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே வானூர்தி ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் அது வெறிச்சோடிக் கிடந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் விளையாட்டு மன்றத்தினர் அந்தத் தளத்தையே பந்தயத் திடலாக்கினர். மன்றத்தை நிறுவியவர்களுள் இந்து சந்தோக்கும் ஒருவர். ஆண்டுதோறும் பல்லாயிரம் மக்கள் சோழவரத்தில் திரண்டனர். வைக்கோல் கட்டுகளும் மணல் மூட்டைகளுமே காப்பு அரண்கள்.

அன்றைய இந்தியாவில் வெளிநாட்டு மகிழுந்து இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. உள்நாட்டில் மூன்றே நிறுவனங்கள் மகிழுந்து செய்தன எனலாம். கல்கத்தாவுக்கு அருகில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அரச குடும்பத்தாரும் செல்வரும் முன்னரே வாங்கி வைத்திருந்த பழைய ஆங்கில விளையாட்டு மகிழுந்துகள் சில இருந்தன. அவற்றுக்கு உதிரிப்பாகம் வராது. பிஸ்டன் வளையம் தேய்ந்தால் உள்ளூரில் வார்த்துக் கடைந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு வண்டியின் பாகத்தைத் தேடிப் பொருத்த வேண்டும். விளையாட்டு மகிழுந்து கிடைக்காதவர்கள் குடும்ப வண்டியையே விளையாட்டு மகிழுந்தாக மாற்றினார்கள்.

எப்படி மாற்றினார்கள் என்பதுதான் சுவையான பகுதி.

ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். 948 சி.சி. எஞ்சின். அதற்குத் தனி அடிச்சட்டம் உண்டு. மேலுடலைக் கழற்றினாலும் சட்டம் தனியே நிற்கும். இதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் 'டிரயம்ப் ஸ்பிட்ஃபயர்' என்னும் விளையாட்டு மகிழுந்தை உருவாக்கினர். ஆகவே, கையில் ஹெரால்டு வைத்திருந்தவன் கையில் ஒரு விளையாட்டு மகிழுந்தின் கரு இருந்தது. ஆனால், அதில் ஒரு குறையும் உண்டு. பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் இணைந்தவை. வளைவில் வேகமாகத் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உட்புறமாக மடங்கி வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். பின்வில்லின் உயரத்தைத் தாழ்த்திச் சக்கரம் சற்றே உட்சாய்ந்து நிற்குமாறு செய்தால் இக்குறை பெரிதும் நீங்கும். விசையைக் கூட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது.

ஃபியட் 1100 வண்டிக்கு வேறு மருத்துவம். பின்னாளில் பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்ற அதே வண்டிதான். விட்டம் 68, நகர்வு 75. கணக்குப் போட்டால் நான்கு சிலிண்டருக்கு 1089 சி.சி. வரும். அதன் கியர்த்தண்டு திசைமாற்றிக்கு அருகில் இருக்கும். பந்தயத்தில் விரைவாகக் கியர் மாற்ற அது உதவாது. ஆகவே, தண்டைத் தரைக்கு மாற்றினார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார்கள். காற்று உள்ளே புகும் வழியைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். தேவையற்ற இருக்கை, விரிப்பு, முட்டுத்தாங்கி எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்தார்கள். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்க உள்ளே இரும்புக்குழாய்க் கூண்டு அமைத்தார்கள்.

1982-இல் பெங்களூரிலிருந்து சிப்பானி டால்பின் வந்தது. கண்ணாடியிழை உடல், 848 சி.சி. எஞ்சின். அங்காடியில் அது பெரிதாக விலைபோகவில்லை. ஆனால், எடை மிகக் குறைவு என்பதால் பந்தயக்காரர்கள் அதை விரும்பினர். பெரிய எஞ்சின் கொண்ட ஃபியட்டுக்கும் இலேசான டால்பினுக்கும் நடந்த போட்டி சோழவரத்தை நாடிய மக்களுக்கு ஒரு விருந்து. விசை முக்கியமா, எடை முக்கியமா என்னும் இயற்பியல் வினாவுக்கு ஓடுதளத்தில் கிடைத்த விளக்கம் என்றே அதைச் சொல்லலாம்.

அதே சோழவரத்தில் 1980-களில் விஜய் மல்லையா வெளிநாட்டு என்சைன் பார்முலா ஒன் வண்டியையும் ஓட்டினார். பணம் இருந்தால் அப்படியும் ஓட்டலாம். நம் கட்டுரைக்கு வேண்டியது மற்றவர்களின் கதை.

கோவை தந்த கரிவரதன்

கோயம்புத்தூர் ஏன் இந்தியப் பந்தயக்கலையின் தலைநகர் ஆனது? நூற்பாலைகள்தான் காரணம். ஆலை இருந்தால் இயந்திரம் பழுதாகும். பழுது பார்க்க வார்ப்படச் சாலையும் கடைசல் பட்டறையும் தோன்றும். 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தோன்றித் தொழிற்கல்வி வளர்த்தது. 1962-இல் நூற்பாலை இயந்திரங்களை உள்நாட்டிலேயே செய்ய இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ் எழுந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக அறிவியல் மேதை ஜி.டி. நாயுடு வாழ்ந்தார். ஆங்கில அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, வீட்டிற்குக் கொண்டுவந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர் அவர். பள்ளிப் படிப்பை விரும்பாத அவர் பின்னர் பேருந்து நிறுவனமும் தொழிற்கூடங்களும் கண்டார். பிரித்தல், பார்த்தல், மீண்டும் பூட்டல் என்பதே அவர் படித்த பாடத்திட்டம்.

அந்த மண்ணில் 1954-இல் பிறந்தவர் சு. கரிவரதன். இலட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். சோழவரத்தில் தாமே ஓட்டிப் புகழ்பெற்ற அவர், வண்டிகளைத் திருத்தி அமைப்பதிலும் வல்லவர். ஆனால், வரலாறு அவரை நினைப்பது அவர் வென்ற கோப்பைகளுக்காக அன்று. பந்தயம் பணக்காரர்களின் பொழுதுபோக்காகவே இருந்தால் திறமையுள்ள ஏழைப்பிள்ளை எப்படி ஓட்டுவான் என்னும் வினாவுக்கு அவர் விடை தேடினார். 1980-களின் இறுதியில் அவர் உருவாக்கிய 'பார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கை வண்டியே அந்த விடை.

தெருவெங்கும் ஓடிய மாருதி 800 வண்டியின் எஞ்சினை அவர் எடுத்துக்கொண்டார். விட்டம் 68.5, நகர்வு 72, மூன்று சிலிண்டர். கணக்கு 796 சி.சி. என்று வரும். அதைக் கோவையில் செய்த குழாய்ச்சட்டத்தில் பொருத்தினார். உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணத்தைக் கொட்டி வெல்ல முடியாது. ஓட்டுநரின் திறமையும் வண்டியைச் சீராக வைத்திருக்கும் பொறுமையுமே வெல்லும்.

1990-இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் திடல் திறக்கப்பட்டது. அங்கே பார்முலா மாருதி வண்டியில் தம் முதல் பந்தயத்தை ஓட்டிய கோவைச் சிறுவன் ஒருவன் முதல் மூவருள் ஒருவனாக வந்தான். அவன்தான் நரேன் கார்த்திகேயன். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனும் புகழ்பெற்ற ராலி ஓட்டுநரே. 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையை நரேன் பெற்றார். 2010-இல் சென்னையின் கருண் சந்தோக்கும் பார்முலா ஒன் அரங்கில் நுழைந்தார். சோழவர மன்றத்தை நிறுவியவர்களுள் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் அவர். கரிவரதன் இவற்றைக் காண உயிரோடு இல்லை. 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்துவிட்டார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் 'கரி மோட்டார் ஸ்பீடுவே' என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஈடான ஒரு நிகழ்வு உண்டு. 2002-இல் மலேசியப் பஞ்சாபியரான கரம்ஜிட் சிங், தம் துணையோட்டுநர் ஆலன் ஓவுடன் புரோட்டோன் பெர்ட் வண்டியில் உலக ராலியின் தயாரிப்பு மகிழுந்துப் பிரிவில் வாகை சூடினார். புரோட்டோன் வீராவின் உடலில் மிட்சுபிஷி லான்சர் எவோவின் உறுப்புகளைப் பொருத்தி உருவாக்கிய வண்டி அது. மலேசிய ராலிகள் பல ஆண்டுகள் ஜொகூரின் செம்பனைத் தோட்டச் சாலைகளில்தான் நடந்தன. நம் தாத்தாமார் காண்டா தூக்கி நடந்த அதே வகைச் செம்மண் சாலைகள்!

இரைச்சலா, திருத்தமா?

இங்கே பெற்றோர்களின் அச்சத்தையும் பேசியாக வேண்டும். "வண்டியைத் திருத்தி அமைப்பது என்றாலே எக்சோஸை மாற்றி ஊரை அலறவைப்பதும் நள்ளிரவில் சாலையில் பந்தயம் ஓட்டுவதும்தானே?" என்று கேட்பார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அப்படி உயிரிழந்த இளைஞர்களின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

ஆனால், உண்மையான பந்தயக்காரன் முதலில் கைவைப்பது பிரேக்கில்தான். வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தும் பிரேக், 160-இல் நான்கு மடங்கு வெப்பத்தைத் தாங்கவேண்டும். பழைய வண்டிகளின் பறைவகைப் பிரேக் சூடேறினால் பிடிப்பை இழந்துவிடும். அடுத்து அவன் பார்ப்பது டயர், சக்கர அச்சு, வில், அதிர்வு தாங்கி. அதன்பின் காப்புக் கூண்டு, இருக்கைப்பட்டை, தலைக்கவசம், தீயணைப்பான். எஞ்சினின் விசையைக் கூட்டுவது கடைசியில்தான். சாலையில் பந்தயம் ஓட்டுபவன் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறான். முதலில் இரைச்சல், பின்னர் வேகம். பிரேக்கைப் பற்றி நினைப்பதே இல்லை.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சாலையில் ஓடும் வண்டியில் பெரிய மாற்றங்கள் செய்யச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். பந்தயத்திற்கு என்று சிப்பாங் போன்ற திடல்கள் உள்ளன. 1998-இல் வந்த புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. போன்ற வண்டிகள் இன்று பழைய விளையாட்டு மகிழுந்துகள் ஆகிவிட்டன. அவற்றைப் பேணி, திடலில் முறையாக ஓட்டும் ஆர்வலர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களின் பட்டறைக்கு ஒருமுறை பிள்ளையை அழைத்துச் சென்று காட்டுவது, நூறு முறை கண்டிப்பதைவிடப் பயன் தரும்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைத்திறன் உள்ள பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புவது இழிவன்று. சான்றிதழ் இல்லாமல் அனுப்புவதுதான் இழப்பு. மலேசியத் திறன் சான்றிதழ் முதல் மூன்று நிலைகளில் உண்டு. நான்காம் நிலையில் டிப்ளோமா. ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா. தொழிற்கல்லூரிகளும் திறன் பயிற்சிக் கழகங்களும் வாகனத் துறைக்குத் தனிப் பயிற்சி தருகின்றன. சான்றிதழ் இல்லாத போமன் எவ்வளவு வல்லவனானாலும் முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொள்கிறான். நம் தோட்டத்துப் பிட்டர்களின் நிலை அதுதான். துரையின் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டியவர், தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறியபோது தம் திறமையை நிறுவ ஒரு தாள்கூட இல்லாமல் வெளியேறினார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையில் ஓட்டுநர்களின் பெயர்களும் முதலாளிகளின் பெயர்களும் நிறைய வந்துள்ளன. கடைசல்காரர், பிட்டர், வண்டியோட்டி ஆகியோரின் பெயர் ஒன்றேனும் வந்ததா? வரவில்லை. ஏடுகளில் எழுதப்படாததால்தான் வரவில்லை. தென்னமரத்திலும் புக்கிட் ரோத்தானிலும் ஜெராமிலும் ஈஜோக்கிலும் எஞ்சின் அறையில் வேலை செய்த முதியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்குரிய பணியாக இதையே கொடுங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் தாத்தாவிடமோ அண்டை வீட்டு முதியவரிடமோ போய் மூன்று வினாக்கள் கேட்கட்டும். எந்த வண்டியை, எந்த எஞ்சினைப் பழுது பார்த்தீர்கள்? உதிரிப்பாகம் இல்லாதபோது என்ன செய்தீர்கள்? உங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் யார்? விடைகளைப் பெயரோடும் தோட்டத்தோடும் ஆண்டோடும் எழுதிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.

மூன்றாம் வினாவின் விடையைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அங்கேதான் இன்னொரு தலைமுறையின் பெயர் இருக்கும். இவ்வாண்டு என் வகுப்பில் இப்பணியைத் தொடங்கியிருக்கிறேன். மற்றப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்தால் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு என ஒரு சிறு தொகுப்பையே உருவாக்கிவிடலாம். முதியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுவோம்.